கடதாசியை மட்டும் சுடத் தெரிந்த துவக்கு

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். அதற்கு முன்னால் 'நல்ல சுகமாக' என்று சேர்க்கப் போனேன்; பக்கத்தில் இருந்து உன் அம்மா இருமினாள். ஆகவே இருக்கிறோம் என்றே வைத்துக்கொள். பண்டத்தரிப்பில் அதே இரண்டு அறைதான். கீரிமலை வீட்டுப் பக்கம் இராணுவம் நிற்கிறது, இன்னும் ஒருவரும் போக முடியாது. எதிர்வீட்டு வாத்தியார் நாளைக் காலை கொழும்புக்குப் பயணம். அவர் கையில் கொடுத்து அங்கே தபாலில் போட்டால் இது மாதம் முடிவதற்குள் கனடாவில் உன்னிடம் சேரும். சேர வேண்டும். அதனால்தான் பழைய கொப்பியில் தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு விடிந்ததும் எழுத இருந்துவிட்டேன். மண்ணெண்ணெய் விளக்கைச் செலவழித்து எழுதுகிற அளவுக்கு என் கையெழுத்து அழகில்லை என்பது உனக்குத் தெரியும்.

சேர வேண்டிய காரணம் உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. உன் தொழிற்சாலையின் போர்மன் உன்னைக் குறிபார்த்துச் சுடும் கிளப் ஒன்றில் சேர்த்துவிட்டாராம். பரீட்சை பாஸாம், பத்திரங்களும் வந்துவிட்டனவாம். மாத முடிவில் முதல் ரிவோல்வர் வாங்கப் போகிறாயாம். உன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற அந்தக் குறி அட்டையை, வட்டத்தின் கறுப்புக்குள் ஆறு துளையோடு என் பெயர் எழுதியிருக்கிற அதே அட்டையை, கிளப்காரர் வந்து பார்த்து, உன் தகப்பன் பெரிய ஆள்தான் என்றார்களாம். ஆகவே ஐயா வைத்திருந்த மாதிரியே வெள்ளி மினுக்கமும் நீட்டுக் குழலும் உள்ள நாற்பத்தைந்து ரகத் துவக்கு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாய். "ஐயா, முதல் துவக்கு என்னத்தைப் பார்த்து எடுக்கிறது? உங்கடை கைராசி எனக்கும் வருமோ?" என்று கேட்டிருக்கிறாய். கடைசியில் ஒரு வரி: மருமகளும் கிளப்புக்கு வரக் கேட்டாளாம், பொம்பிளையளுக்கு உது சரிவராது என்று சொல்லிவிட்டாயாம்.

இந்தக் கடிதத்தை நான்தான் உன் அம்மாவுக்கு உரக்க வாசித்தேன். அவள் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். 'கைராசி' என்ற இடம் வந்ததும் என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அவள் கை நிற்கவில்லை.

"எழுதுங்கோ" என்றாள். "அந்தப் பெரிசை வாங்க வேண்டாமெண்டு எழுதுங்கோ."

"ஏனெண்டு கேப்பானே?"

"அதையும் எழுதுங்கோ."

"அதையுமோ?"

"ஓம். இஞ்சை உங்களுக்கு வேறை என்ன வேலை?"

ஆகவே எழுதுகிறேன். துவக்கைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். என் மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீ பிழையான சாமானை வாங்கிவிடுவாய், உன் கைக்கும் கேடு. மானம் என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்றும் உன் அம்மா சொல்கிறாள்.

நான் கல்லுக்குவாரியில் ஸ்டோர் கீப்பராக இருந்தது உனக்கு நினைவிருக்கும். காங்கேசன்துறைக்குக் கிட்ட, ஒரு தனி முதலாளியின் சின்னக் குவாரி. பாறை உடைக்கிற வெடிமருந்து என் பொறுப்பில் இருந்தது. அதைக் காக்கிறவனுக்குக் கையில் ஒரு துவக்கு வேண்டும் என்று முதலாளி கடிதம் கொடுத்து, அனுமதிப் பத்திரம் எடுத்துத் தந்தார். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அரசாங்க முத்திரை குத்திய ஒரு பத்திரம். அன்றைக்கு என் நடையே மாறிவிட்டது என்று ஓவசியர் மரியாம்பிள்ளை சொல்லுவார். குருநகர்க்காரர். கடலில் பிறந்து கல்லுக்குவாரியில் வந்து விழுந்தவன் என்று தன்னையே பகிடி பண்ணுகிற மனிதர். அவரிடமும் பத்திரம் உள்ள ஒரு சின்னக் கைத்துவக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்த குழி ஒன்றுக்குள் மண்மூட்டைகளை இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கி, அதன் முன்னால் அட்டையைக் குத்திவைத்துச் சுட்டுப் பழகுவார். மண்மூட்டை இல்லாமல் பாறைக்கு நேரே சுட்டால் குண்டு திரும்பி வந்து சுட்டவனையே விசாரிக்கும் என்பார். நானும் பழக ஆசைப்பட்டேன்.

கொழும்பில் துவக்குக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கிடந்தன. ஒன்று கறுப்பாய், மங்கலாய், பார்க்க ஒரு பூட்டு மாதிரி. இருபத்திரண்டு, அதன் குண்டு ஒரு பென்சில் தடிப்புக்கூட வராது. மற்றது வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன நாற்பத்தைந்து. வெள்ளி முலாம், அரை முழ நீளம், வெண்ணிறப் பிடி. கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். கறுப்பைத்தான் எடுத்து என் கையில் வைத்தார்.

"மொதல் துவக்கெண்டா இதத்தான் எடுக்கோணும், தம்பி. இது கைக்கு அடங்கும். அது கையை அடக்கும்."

நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டே மற்றதைக் காட்டச் சொன்னேன். அதை இடுப்பில் வைத்து அலுமாரிக் கண்ணாடியில் பக்கவாட்டாகப் பார்த்தேன். குறி பார்க்கவில்லை, மகன். குழலுக்குள் பார்க்கவில்லை. குண்டு போடுகிற உருளையைத் திறந்து பார்க்கவில்லை. என்னைப் பார்த்தேன். சந்திக் கடையில் என்னைப் பார்க்கப் போகிற ஆட்களைப் பார்த்தேன். உன் மாமா வாயைப் பிளக்கிறதைப் பார்த்தேன். நீயும் அந்த வெள்ளி மினுக்கத்தை இப்போது அதே கண்ணால்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. உனக்குக் கண்ணாடி வேறு வேண்டாம், சுவரில் நான் இருக்கிறேன்.

கடையில் பார்க்க வேண்டியது இதுதான். உருளையைத் திறந்து, ஒரு குண்டும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு தரம் நிச்சயப்படுத்து. பிறகு கையில் பிடி. குழல் உன் முன்கை எலும்பின் தொடர்ச்சி மாதிரி நேரே போக வேண்டும். பிடியைத் திருகாமல், ஆட்காட்டி விரலின் நுனிச் சதை விசையில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். எட்டி எட்டிப் பிடிக்கிறாய் என்றால் அது உன்னுடையதல்ல, கடைக்காரனுடையது. உருளைக்குப் பின்னால் குண்டை அடிக்கிற குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு உருளையை மெல்ல ஆட்டிப் பார், ஆடக்கூடாது. வெள்ளைக் கடதாசி ஒன்றைப் பின்னால் வைத்து வெறுங்குழலுக்குள் பார், உள்ளே சுழன்று போகிற வரிகள் கூராகத் தெரிய வேண்டும். பாரமாக இருந்தால் பயப்படாதே. சின்னக் குண்டும் பாரமான உடம்பும் உள்ளதுதான் பழகுகிறவனுக்குத் தாய் மாதிரி, வெடிக்கும்போது கையை உதையாது. எதற்கும் முதலில் கிளப்பில் உள்ள துவக்குகளை இரவல் வாங்கி நூறு குண்டாவது சுட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போ. இவ்வளவும் நான் துவக்கு வாங்கின பிறகு அறிந்தவை.

இனி நடந்த கூத்தைச் சொல்கிறேன். துவக்கோடு நான் ஊருக்கு வந்தபோது நவராத்திரி. அதைத் தொட்டுச் சுட எனக்குக் கை துடித்தது. ஆனாலும் படிப்பு எதையும் விஜயதசமியில்தானே துவக்குகிறோம்? பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிற நாளிலேயே நானும் துவக்குக்கு ஏடு தொடக்குவோம் என்று பொறுத்துக்கொண்டேன். அதற்கு முதல் நாள் குவாரியில் ஆயுத பூசை. அலவாங்கு, சம்மட்டி, துளைக்கிற உளி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தோம். நடுவில், வாழையிலையில், என் நாற்பத்தைந்து. ஐயர் வந்தார். அலவாங்குகளுக்கு ஒவ்வொரு பொட்டு வைத்தவர், இதைக் கண்டதும் நின்றுவிட்டார். இவ்வளவு மினுங்குகிற ஆயுதத்தை அவர் அந்தக் குவாரியில் கண்டதில்லை. பிடியில் சந்தனம், குழலில் மூன்று குறி, உருளையைச் சுற்றி அப்பம் மாதிரி ஒரு பூச்சு, அதன்மேல் குங்குமம். கடைசியில் குழல் வாய்க்குள் ஒரு செவ்வரத்தம்பூவையும் செருகினார். "இன்னும் கொஞ்சம் வையுங்கோ ஐயா" என்று சொன்னவன் நான். அதை அப்படியே துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். தெய்வத்துக்கு வைத்த சந்தனத்தைத் துடைக்க மனம் வருமா?

அடுத்த நாள் குழிக்குள் முதலாளி, ஓவசியர், வேலையாட்கள் பத்துப் பேர் நின்றார்கள். உன்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு உன் அம்மாவும் அவல், கடலை கொண்டு வந்திருந்தாள். நான் துணியை விரித்தேன். பூவை இழுத்தேன், காம்பு வந்தது, பூ வரவில்லை. ஓவசியர் கிட்ட வந்து பார்த்தார்.

"என்ன காணும், துவக்குக்குக் கலியாணமோ? பொம்பிளை ஆர்?"

குச்சியால் பூவைக் கிண்டி எடுத்தேன். உருளையைத் திறக்கப் பார்த்தேன், அசையவில்லை. ஓரிரவில் சந்தனம் காய்ந்து உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவில் சீமெந்து மாதிரி இறுகிவிட்டது. நாங்கள் இருந்தது சீமெந்துக்குக் கல் உடைக்கிற இடம் என்பதால் பகிடிக்குக் குறைவில்லை. ஒருவன் சம்மட்டி கொண்டு வரவா என்றான். இன்னொருவன் வெந்நீரில் அவியப் போடச் சொன்னான். முதலாளி சிரிக்காமல் நின்றார். அதுதான் எனக்குப் பெரிய வேதனை, அவர் என் பொறுப்பில் வெடிமருந்தை விட்டிருந்தவர். ஓவசியர் இரக்கப்பட்டுத் தன் சின்னத் துவக்கைத் தந்தார். ஆறு குண்டு சுட்டேன். சத்தம் வருகிறதே என்ற பயத்தில் ஒவ்வொரு தரமும் விசையை இழுக்கு முன்பே கண்ணை மூடியிருக்கிறேன். எனக்குத் தெரியாது, பிறகு அவர் சொன்னார். அட்டையில் ஒரு கீறலும் இல்லை. மண்மூட்டையில்கூட நாலுதான் பட்டது. மற்ற இரண்டும் எங்கே போயின என்று இன்றுவரை தகவல் இல்லை.

"தங்கச்சி, உம்மடை மனிசன் அட்டையிலை ஒரு பாவமும் செய்யேல்லை" என்றார் ஓவசியர். "நீர் ஒருக்கா பிடிச்சுப் பாரும்."

"எனக்கென்னத்துக்கு அண்ணை உது?"

"பகிடிக்குத்தான். வாரும்."

அவள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்தாள். வாங்கினாள். மற்றவர்கள் எல்லோரும் வாங்கியதும் சுடத்தான் பார்ப்பார்கள், அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணை, கண் எதைப் பாக்கோணும்? இந்த நுனியிலை நிக்கிற குறியையோ, அங்காலை இருக்கிற கடதாசியையோ?"

ஓவசியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீரோ காணும்? உதைக் கேக்க எனக்கு ரண்டு வருசம் எடுத்தது" என்றார். பிறகு அவளுக்கு, "நுனியை, தங்கச்சி. அது கூராத் தெரியோணும். கடதாசி மங்கினாலும் பரவாயில்லை" என்றார்.

"ஊசியிலை நூல் கோக்கிற மாதிரி."

"அதேதான்."

ஊர்ச் சட்டைகளெல்லாம் தைத்துத் தைத்து ஊசிக்காதைப் பார்த்துப் பழகின கண். அவசரமில்லாமல், ஒவ்வொன்றுக்கும் குதிரையைப் பெருவிரலால் இழுத்து நிறுத்தி, மூச்சைப் பாதி விட்டு, ஆறு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கையைத் தாழ்த்தி ஆறவிட்டாள். அட்டையைக் கொண்டு வந்து பார்த்தால் ஆறும் கறுப்புக்குள். ஒரு சிரட்டையால் மூடிவிடலாம். பிறகு முதலாளிதான் முதலில் கை தட்டினார். உன் அம்மா துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவல் பெட்டியைத் திறந்து, "ஆறப் போகுது, எடுங்கோ" என்றாள்.

அந்த அட்டைதான் மகன், உன் வீட்டுச் சுவரில் இருப்பது.

என் பெயர் எப்படி வந்தது என்று கேட்பாய். ஓவசியர் தன் பேனையை எடுத்து மரியாதையாக, நம் ஊர் வழக்கப்படி, 'திருமதி' என்று எழுதி அதற்குப் பின்னால் என் பெயரை எழுதினார். கலியாணம் கட்டின பெண்ணுக்கு அப்படித்தானே எழுதுகிறோம், அழைப்பிதழிலும் அப்படித்தான், கோயில் அர்ச்சனைத் துண்டிலும் அப்படித்தான். யாருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. நான் அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அங்கே உன் மாமா, உன் அம்மாவின் சொந்த அண்ணன், தேத்தண்ணிக்கு இருந்தார். நான் துவக்கு வாங்கினதிலிருந்து என்னை 'கப்டன்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

"கையிலை என்ன கப்டன்? ஓ, ஆறும் கறுப்புக்குள்ளையோ! உது நீர் சுட்டதோ?"

என் பெருவிரல் 'திருமதி'யின் மேல் இருந்தது. வேண்டுமென்று வைக்கவில்லை, அட்டையைப் பிடித்தால் விரல் அங்கேதான் வரும். ஆனால் அதை எடுக்கவில்லை என்பது வேண்டுமென்று செய்தது. "ஓம்" என்றேன். ஓர் உயிரும் ஒரு மெய்யும், அவ்வளவுதான். உன் அம்மா கேத்தலோடு கதவடியில் நின்றாள். கேட்டாள். வந்து அண்ணனுக்கு ஊற்றினாள், எனக்கு ஊற்றினாள்.

"சீனி காணுமோ?" என்றாள்.

காணும் என்றேன். அவள் கதைக்கவில்லை என்பதால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அன்று பின்னேரமே அவளுடைய தையல் பெட்டியிலிருந்து பிளேட்டை எடுத்து, 'திருமதி'யை மெல்ல மெல்லச் சுரண்டிவிட்டேன். நான் ஒன்றும் எழுதவில்லை பார்த்தாயா, பொய்யாக ஓர் எழுத்தும் எழுதவில்லை. சுரண்டினது மட்டும்தான். பிறகு கண்ணாடி போட்டு மாட்டினோம். அந்தச் சட்டத்துக்குக் கீழே நீ வளர்ந்தாய். இப்போதும் அட்டையைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார், என் பெயருக்கு இடப்பக்கம் கடதாசி மெலிந்து வெளிச்சம் ஊடுருவும். அதுதான் உன் ஐயாவின் கைராசி.

என் நாற்பத்தைந்தைப் பிறகு தேங்காயெண்ணெய் விட்டுக் கழுவி எடுத்தேன். ஐந்தாறு ஞாயிறு சுட்டும் பார்த்தேன். ஒவ்வொரு வெடிக்கும் கை வானத்துக்குப் போய்வரும், கண் தானாக மூடும். சின்னதில் துவக்கியிருந்தால் கண்ணை மூடாமல் இருக்கப் பழகியிருப்பேன். பெரிதில் துவக்கினவன் முதலில் பயத்தைத்தான் பழகுகிறான், அது கையில் ஏறிவிட்டால் இறங்காது. காதுக்குப் பஞ்சுதான் வைத்தேன். இடக்காது அரைவாசி போனது அப்படித்தான். உன் அம்மா கூப்பிடுகிறது கேட்கவில்லை என்று நான் சொல்கிறதில் பாதியாவது உண்மை. நீ காதுக்கு நல்ல மூடி வாங்கிய பிறகே துவக்கு வாங்கு.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் பகிடிக் கடிதம்தான். எண்பத்து மூன்று கலவரம் கழிந்து, அடுத்த வருடத்தில் ஒரு காலை, இரண்டு பெடியள் சைக்கிளில் வந்தார்கள். அந்த நேரத்தில் இயக்கங்கள் பல, எது என்று நான் கேட்கவில்லை. நீ பள்ளிக்கூடம் போய்விட்டாய், அதனால் உனக்குத் தெரியாது. பொலிசில் கொடுத்துவிட்டேன் என்றுதான் உனக்குச் சொன்னோம். மரியாதையான பெடியள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள்.

"ஐயா, உங்களிட்டை லைசென்ஸ் துவக்கொண்டு இருக்காம். போராட்டத்துக்குத் தேவைப்படுது."

எடுத்துக் கொடுத்தேன். மாட்டேன் என்று சொல்லக்கூடிய ஆள் நானில்லை. ஒருவன் உருளையைத் திறந்து, சுழற்றி, குழலுக்குள் பார்த்தான். நான் கடையில் பார்க்காததையெல்லாம் அவன் பார்த்தான்.

"நாற்பத்தஞ்சு. நல்ல சாமான் ஐயா" என்றான். "இதாலை எப்பவாவது சுட்டனீங்களோ?"

"சுட்டிருக்கிறன் தம்பி. ஆனால் ஒண்டிலையும் படேல்லை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போய்விட்டார்கள். அங்கிருந்து நேரே ஓவசியர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவருடைய இருபத்திரண்டைக் கையில் வாங்கி ஒருவரையொருவர் பார்த்து, "இதை நீங்களே வைச்சிருங்கோ அண்ணை, காகம் கலைக்க உதவும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். உன் அம்மா ஆறு குண்டு சுட்ட துவக்கு, ஒருவருக்கும் வேண்டாம். பிறகு அரசாங்கம் கேட்டபோது அவர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அவர் நித்திரை கொண்டார்.

நான் கொள்ளவில்லை. அந்த நாட்களில் பேப்பரைத் திறந்தால் எங்கோ ஒரு சந்தியில் ஒருவரைச் சுட்டுவிட்டார்கள் என்று இருக்கும். வாத்தியார், கடைக்காரர், வேறு இயக்கத்துப் பெடியன். செய்தியில் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், என்ன துவக்கு என்று இருக்காது. நான் அதைத்தான் தேடுவேன். ஒருநாள் உன் அம்மா பேப்பரை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தாள்.

"நீங்கள் வைச்சிருந்த மட்டும் எனக்குப் பயமில்லை" என்றாள். "உங்களுக்குத்தான் குறி தவறுமே. இப்ப அது குறி தவறாத கைக்குப் போயிட்டுது."

அது ஒருவரையும் தொடாமல் எங்கோ ஒரு கிணற்றில் கிடக்கவும் கூடும். அது எனக்குத் தெரியாது, தெரிய வரப்போவதும் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கடைக்காரர் சொன்ன கறுப்பை நான் வாங்கியிருந்தால், அந்தக் காலை பெடியள் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்திருப்பார்கள். சந்திக் கடைக்கு வடிவு காட்ட வாங்கினதுதான் வாசலால் போனது. உன் ஊரில் அப்படி ஒருவரும் வந்து கேட்க மாட்டார்கள் என்று சொல்லுவாய். கள்ளன் கேட்கமாட்டான், எடுப்பான். கோபம் வந்த ஒரு நாளில் உன் கையே உன்னிடம் கேட்கும். ஆகவே மகன், வேறு ஒருவருக்கும் ஆசை வராத துவக்கை வாங்கு. கடதாசியை மட்டும் சுடத் தெரிந்ததை வாங்கு. துவக்கை ஒரு பூட்டுக்குள் வை, குண்டை வேறொரு பூட்டுக்குள் வை, திறப்பு இரண்டையும் ஒரே கொத்தில் போடாதே.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நீ கனடாவுக்கு வெளிக்கிட்ட அன்று அந்த அட்டையைச் சுவரிலிருந்து கழற்றித் தந்தது யார்? நான் அல்ல. நான் படலையடியில் கார் பார்த்து நின்றேன். உன் அம்மாதான் கழற்றி, தன் பழைய நூல் சேலையில் சுற்றி, உன் பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவில் வைத்தாள். "கொண்டுபோய் அங்கை மாட்டு" என்றாள். "ஐயாவின்ரை ஞாபகமோ அம்மா?" என்று நீ கேட்டாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் அந்த நேரம் பார்த்துக் கார்க்காரனோடு கதைக்கத் தொடங்கிவிட்டேன். முதல் தரம் சொன்ன பொய்க்கு குழிக்குள் ஆட்கள் பார்த்துச் சிரித்த வெட்கம் ஒரு சாட்டு. இந்த இரண்டாம் தரத்துக்கு ஒரு சாட்டும் இல்லை.

நேற்றுத்தான் அவளிடம் கேட்டேன், இத்தனை வருடத்துக்குப் பிறகு. "ஏன் நீர் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"ஊர் முழுக்கச் சந்தனத்துக்குச் சிரிச்சுது, என்ரை ஆறு குண்டைக் குழிக்குள்ளை நிண்ட ஒருத்தரும் வெளியிலை கதைக்கேல்லை" என்றாள். "அதோடை பெண்சாதியிட்டையும் தோத்தவர் எண்டு வந்தால் நீங்கள் வேலைக்கே போயிருக்க மாட்டியள். அண்ணை வேறை வாயை மூட மாட்டார்."

"அப்ப உமக்குக் கோவமில்லையோ?"

"நீங்கள் ஓம் எண்டதுக்குக் கோவமில்லை. வாய் தவறினதெண்டு விட்டிட்டன். பிளேட் எடுத்தியளே, அதுக்குக் கோவம். இருந்து, நிதானமா, ஒவ்வொரு எழுத்தாச் சுரண்டினியள். அந்த நிதானத்தைக் குழிக்குள்ளை காட்டியிருந்தால் ஒரு குண்டாவது பட்டிருக்கும். என்ரை பிளேட்டையும் மழுக்கி வைச்சியள்."

"நான் சுரண்டினது உமக்குத் தெரியுமோ?"

"அடுத்த நாள் தையல் பிரிக்க எடுக்கேக்கை நூல் வெட்டேல்லை. வேறை ஆர் அதைத் தொடுறது?"

நான் அவளிடமிருந்து எடுத்தது திருமதி என்ற சொல்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இன்று காலை இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. நான் சுரண்டாமல் விட்டிருந்தாலும் அந்த அட்டையில் அவள் பெயர் இல்லை. குழிக்குள் கை தட்டின அத்தனை பேரிலும் ஒருவரும் அவள் பெயரைக் கேட்கவில்லை. மருமகளைப் பற்றி நீ எழுதின அந்த வரியை நான் ஏச மாட்டேன். ஏசுவதற்கு எனக்கு வாய் இல்லை. அது என் வீட்டுச் சுவரில் இருந்து நீ படித்த பாடம், அட்டையோடு பெட்டிக்குள் வந்தது.

எழுதினதை எல்லாம் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சந்தனம் இடத்தில் சிரித்தாள், பேப்பர் இடத்தில் சிரிக்கவில்லை. முடிந்ததும், "அரைத்தாள் மிச்சம் இருக்கோ?" என்று கேட்டுப் பேனையை வாங்கினாள். வாத்தியார் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். இதற்குக் கீழே உள்ளது அவளுடையது. துவக்கு எடுக்கிற விஷயத்தில் நீ கேட்க வேண்டியது அதைத்தான்.

ஐயா

தம்பி,

ஐயா எழுதினது எல்லாம் சரி. தான் அழுததை மட்டும் எழுதவில்லை, அதை நானும் எழுதவில்லை.

கடைக்குப் போகும்போது மருமகளையும் கூட்டிக்கொண்டு போ. முதலில் அவள் கையில் பிடித்துப் பார்க்கட்டும். அவளுக்கும் உனக்கும் பொருந்துகிற ஒன்றாக எடு. அவள் நல்லாகச் சுட்டால் முகத்தைத் தூக்காதே. சுடும்போது நுனியைப் பார். கை களைத்தால் இறக்கி வை, ஒருவரும் உன்னைக் கலைத்துக்கொண்டு வரவில்லை.

அட்டையைத் திரும்ப மாட்டுவதென்றால் ஐயாவின் பெயரைச் சுரண்ட வேண்டாம். ஒரு கோடு போட்டு வெட்டிவிடு, வாசிக்கத் தெரிய வேண்டும். மேலே இடம் இருக்கும். திருமதி போடாதே. என் பெயரை எழுது. உனக்கு எழுதிப் பழக்கம் இருக்காது, பார்த்து எழுது.

சிவபாக்கியம்